பாதி மாத்திரை

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் அந்தம்மாவுக்குக் 'கத்தரி' என்று பெயர். துணியைவிட வாய் வேகமாக வெட்டும். அவர் வாய்க்குப் பயந்தபடியே ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் எனக்கும் அவரே ஒரு பெயர் வைத்தார்.

"ஊசி சார், குத்துறது நீங்க. பயப்பட வேண்டியது நான். இங்க என்ன தலைகீழா இருக்கு?"

கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி அவருக்கு. தினம் ஒரு மாத்திரை. முதல் வருடம் கிருமியின் எண்ணிக்கை இறங்கியது. இரண்டாம் வருடம் மளமளவென்று ஏறியது.

"மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"என் தம்பி மேல சத்தியமா, ஒரு நாள்கூட விடலை."

டாக்டர் நம்பவில்லை. ஆனாலும் இன்னொரு பரிசோதனை எழுதினார். கிருமியின் மரபணுவைப் பெருக்கி, அதில் விரல் அகலப் பட்டை ஒன்றை ஊறவைப்போம். கிருமி பழையபடியே இருந்தால் கோடு ஓரிடத்தில் தெரியும். மருந்துக்கு அடங்காமல் மாறியிருந்தால் அதற்குக் கீழே. அவருடைய பட்டையில் கோடு கீழே விழுந்திருந்தது, பென்சிலால் மெல்ல இழுத்ததுபோல.

"கிருமி மாறிப்போச்சும்மா. மருந்தோட அளவு கொறைஞ்சாலும் இப்படி ஆகும். தினம் முழு மாத்திரைதானே?" என்றார் டாக்டர்.

அவர் கைப்பையைத் திறந்தார். பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாதி."

"மீதி?"

"சின்னவனுக்கு."

தம்பி லாரி ஓட்டுகிறவன். அவனுக்கும் இதே கிருமி. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் ஏறினால் வேலை போய்விடும் என்று பயந்தான். ஒரு வருடமாகத் தினமும் காலையில் அக்கா கத்தரியால் மாத்திரையை நறுக்கி, அவன் வெளியூர் போகும்போது பாதிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே வியாதி. மாத்திரையும் ஒண்ணா இருந்தா என்னன்னு நெனச்சேன் டாக்டர்."

"நாளைக்கே அவனைக் கூட்டிட்டு வாங்க."

அவன் வர மூன்று மாதம் ஆனது. கண் மஞ்சள், வயிறு வீங்கியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ குடுத்ததுல ஒண்ணுகூட நான் மிச்சம் வைக்கலைக்கா."

"வாயை மூடுடா," என்றார் அவர். குரல் பாதியில் அறுந்தது.

அவனுடைய பட்டையை அக்காவின் பட்டைக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் கோடு. அக்காவுக்கு ஏற்கனவே மாற்றியிருந்த மருந்தையே அவனுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அது வேலை செய்யும்வரை அவன் கல்லீரல் பொறுக்கவில்லை. ஐந்தாவது வாரம் போய்விட்டான்.

அடுத்த முறை அவர் தனியாக வந்தார். கிருமி நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார். பெயர் சொல்லிக் கேலி செய்யவில்லை. பஞ்சை முழங்கைக்குள் அழுத்திக்கொண்டார்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"முழு மாத்திரை தொண்டையில நிக்குது சார். பழக்கமில்ல."