இரண்டாவது வெடி

துவக்குத் திருத்துகிறவனின் பட்டறைக்குச் சிரித்த முகத்தோடு ஆட்கள் வருவது குறைவு. மணிக்கூடோ தண்ணீர்ப் பம்போ மோட்டார்சைக்கிளோ, எதையாவது கழற்றிப் பூட்டிச் சீவியம் நடத்துகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பழுதாக்குவது ஒருவர், பழி சுமப்பது நாங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரேயொரு வித்தியாசந்தான். நீங்கள் பிழை விட்டால் ஆட்கள் திரும்பி வந்து ஏசுவார்கள். நான் பிழை விட்டால் சிலவேளை ஏசுவதற்கு ஆளே இருக்காது.

பாலையூற்றில் எங்கள் பட்டறை. துப்பாக்கி திருத்தும் அனுமதி என் பெயரில். லேத்தில் நிற்பவர் குறிஞ்சாக்கேணி ரஹீம் நானா. படகு எஞ்சின்களின் தண்டுக்கு வெண்கலப் புஷ் கடைவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது. துவக்கு வேலை எப்போதாவது வரும். வருவதும் அநேகமாக ஒற்றைக்குழல்தான்: ஒன்றைச் சுட வேண்டும், திறக்க வேண்டும், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட வேண்டும். அபூர்வமாக ஒன்றிரண்டு அரைத்தானியங்கிகள் வரும். அது சுட்டதும் வெற்றுக்கோதைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை மறுபடி இழுப்பது மட்டுமே மனிதனின் வேலை. தோளில் விழுகிற உதையை வீணாக்காமல் அதனிடம் வேலை வாங்கலாமே என்று யாரோ ஒரு புத்திசாலி யோசித்ததன் பலன் அது. அந்தப் புத்திசாலியை நான் கும்பிட்டதும் உண்டு, திட்டியதும் உண்டு.

நாள் தவறாத எண்ணெய்

தம்பலகாமத்துக் கனகரத்தினம் அண்ணையிடம் இருந்தது தகப்பன் காலத்து அரைத்தானியங்கி. அனுமதிப்பத்திரமும் தகப்பன் வழியாக வந்ததுதான். சண்டைக் காலத்தில் பொலிஸில் ஒப்படைத்த துவக்கு, வருடக்கணக்காகக் கிடந்து துருவேறித் திரும்பி வந்ததாம். இனி இதில் ஒரு பொட்டுத் துருவும் பிடிக்க விடமாட்டேன் என்று அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் பண்ணியிருக்கிறார். அதிலிருந்து பிள்ளையின் தலைக்கு வைப்பதுபோல நாள் தவறாமல் தேங்காயெண்ணெய். வெளியேயும் பூசி, உள்ளேயும் ஊற்றி.

அவர் என்னிடம் வந்தபோது தோளில் வைக்கிற மரம் வெடித்திருந்தது. அவருடைய தோளும் கன்றிப்போயிருந்தது. இந்த வகைத் துவக்கில் சுட்டதும் குழலே பின்னுக்குப் பாயும். அந்தப் பாய்ச்சலை அடக்குவதற்கு உள்ளே ஒரு வெண்கல வளையம் உண்டு. சைக்கிள் பிரேக் சில்லைக் கவ்வுவதுபோல அது கவ்விப் பிடிக்க வேண்டும். பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றினால் சைக்கிள் எங்கே நிற்கும்? குழல் அடங்காமல் ஓடி ஓடி மரத்தையும் உடைத்து, வளையத்தையும் தின்றிருந்தது. இதையெல்லாம் கழற்றிக் காட்டி ஆறுதலாகச் சொன்னேன். அவர் தன் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எண்ணெய் வச்சாக் கெட்டுப்போற சாமானும் உலகத்தில இருக்கெண்டு இண்டைக்குத்தான் தம்பி கேள்விப்படுறன்."

அடைபட்ட துளை

அதே கிழமை துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் காவலாளி வந்தார். சாம்பல்தீவு தாண்டிச் சல்லிக் கிராமத்திலிருந்து வருகிறவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்து, முழங்கால் விட்டுவிட்டதால் காவல் வேலைக்கு வந்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததும் அரைத்தானியங்கிதான், ஆனால் பிந்திய காலத்து வகை. அதில் குழல் அசையாது. குழலில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் புகை பிரிந்து வந்து, அதன் அழுத்தத்தில்தான் கோதை எறிந்து அடுத்ததை ஏற்றும். உதைக்குப் பதிலாகப் புகையிடம் வேலை வாங்குகிற யோசனை.

துவக்கு ஒரு வெடியோடு நின்றுவிடுகிறதாம். கழற்றிப் பார்த்தால் துளையைக் காணவில்லை. அந்த இடத்தில் படகுக்குப் பூசுகிற பைபர் பசை, கல்லாக இறுகி, அரத்தாள் போட்டு வழுவழுப்பாகத் தேய்த்துமிருந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் துவக்கில் கண்டதில்லை. யார் செய்தது என்று கேட்டேன். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, ஏசவும் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "கடல்ல நிண்டவனுக்கு ஓட்டையைக் கண்டா அடைக்கத்தான் தம்பி தெரியும், அது என்னத்துக்கு இருக்கெண்டு கேக்க நேரமிருக்காது."

மயிரளவு

கனகரத்தினம் அண்ணையின் துவக்குக்கு மரம் புதிதாகச் செய்துவிட்டோம். வளையந்தான் எங்கும் கிடைக்கவில்லை. அந்தத் துவக்கைச் செய்தவர்கள் அதை விட்டு எத்தனையோ காலம். கடைசியில் நாங்களே கடைவோம் என்று முடிவெடுத்தோம். அதற்கு வேறு காரணமும் இருந்தது. போன போகம் அவருடைய பக்கத்து வயல்காரரை யானை வரம்பில் வைத்து அடித்துவிட்டது. அந்த மனிதனின் கையில் ஒற்றைக்குழல். மேலே பார்த்து ஒரு வெடி வைத்திருக்கிறார், யானை திரும்பவில்லை. அடுத்த தோட்டாவைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது. பிரேதத்தைத் தூக்கினவர்களில் கனகரத்தினம் அண்ணையும் ஒருவர். இரண்டாவது வெடியைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

பழைய படகுப் புஷ் ஒன்றின் வெண்கலத்தில் ரஹீம் நானா முதல் வளையத்தைக் கடைந்தார். மறுபடி மரம் வெடிக்கக் கூடாதே என்ற பயத்தில் நான்தான் கொஞ்சம் இறுக்கமாகச் செய்யச் சொன்னேன். பொலிஸில் சொல்லிவிட்டுப் பரீட்சித்துப் பார்த்தோம். முதலாவது வெடித்தது. கோது வெளியே வராமல் வாயிலேயே சிக்கி நின்றது. இப்போது கைக்கு வருகிற தோட்டா பலம் குறைந்தது. வளையம் இறுகப் பிடித்ததால் குழல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தளர்த்தினால் மரம் உடையும், இறுக்கினால் கோது சிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மயிரளவு. ரஹீம் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வளையத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தத் துவக்கை முதன்முதல்ல யோசிச்ச மனிசன் ஒரு நாளாவது நிம்மதியா நித்திரை கொண்டிருப்பான் எண்டு நான் நம்பமாட்டன் தம்பி."

கதிர் முற்றும் நேரம்

இரண்டாவது வளையத்துக்கு வெண்கலம் சரிவரவில்லை, வார்ப்பில் உள்ளே குமிழ் இருந்தது. மூன்றாவதை நான் அரத்தால் ராவும்போது கெடுத்தேன். இதற்குள் கதிர் முற்றிவிட்டது. கனகரத்தினம் அண்ணை ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வயலில் காட்டுப்பண்டி இறங்குகிறது, குளக்கட்டுப் பக்கம் யானைத் தடமும் தெரிகிறது, துவக்கை இப்படியே தாருங்கள் என்றார். முடியாது என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்துகொண்டு எழும்பவே இல்லை. தேநீர் கொடுத்தேன், குடித்துவிட்டும் எழும்பவில்லை.

நான் அவரிடம் ஒளிக்கவில்லை. உள்ளே இருப்பது முதல் வளையம், பிழையானது, முதல் வெடி போகும், இரண்டாவதை நம்ப வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். பத்து நாளில் சரியான வளையத்தோடு நானே வருகிறேன் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொடுத்தேன். ஒரு திருத்துநர் செய்யக்கூடாத வேலை அது, அரைகுறையாகப் பொருளைக் கையில் கொடுப்பது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மனம் இளகிய நாள். வாசலில் நின்று துவக்கைத் துணியில் சுற்றியபடி அவர் திரும்பினார். "முதலாவதுக்கு ஓடாத யானை ரெண்டாவதுக்கும் ஓடாதுதான். எண்டாலும் சுணக்காதைங்கோ தம்பி, என்ர உயிர் இப்ப உங்கட கையிலதான் கிடக்கு."

வார்ட்டுக்கு வெளியே

அந்த ஒரு வசனம் என்னைச் சாப்பிட விடவில்லை. நான்காவது வளையம் தளர்ந்துபோயிற்று. ஐந்தாவது சரியாக வந்தது. துவக்கின் உள்குழாய் அளவுக்குக் கடைந்து வைத்திருந்த உருளையில் போட்டு ஓட்டிப் பார்த்தோம், எங்கும் தடங்கவில்லை, எங்கும் வழுக்கவில்லை. ரஹீம் நானா அதைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். முப்பது வருடத்தில் எங்கள் இருவர் கையாலும் அப்படியொரு சாமான் வந்ததில்லை. பத்து நாள் என்று சொன்னதில் எட்டாவது நாள் அது. உடனே போன் எடுத்தேன். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான்.

பத்தாவது நாள் தண்ணீர்ப் பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பலகாமத்து ஆள், வயலுக்குள் ஒருவர் அடிபட்டு இங்கே பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார். யார், என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முதல் வெடி போயிருக்கும், யானை திரும்பியிருக்காது, கோது சிக்கியிருக்கும். வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் அதை எடுத்துப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னேரம் நோயாளர் பார்க்கும் நேரம், வாசலில் சனம். ஆண்கள் வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் ஒருவர் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். கனகரத்தினம் அண்ணை. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது.

உள்ளே கட்டிலில் கிடந்தது அவருடைய தங்கச்சியின் மகன். மைமல் நேரம், இருட்டு விழத் தொடங்கினால், வரம்பில் வருகிறவர்கள் தூரத்திலேயே குரல் கொடுத்து வருவதுதான் அங்கே வழக்கம், காவலில் துவக்கோடு ஆள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஓடுவதைக் கண்ட பெடியன், வரம்பு உடைப்பை அடைப்பதற்காக ஓடிவந்து கதிருக்குள் குனிந்திருக்கிறான். குரல் கொடுக்க மறந்துவிட்டான். கதிர் அசைந்தது. பண்டி என்று நினைத்து மாமன் தாழச் சுட்டுவிட்டார். தொடையில் சன்னங்கள். உயிருக்குப் பயமில்லை, நடப்பான், காலம் எடுக்கும் என்று டொக்டர் சொன்னாராம். துவக்கைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. விசாரணை நடக்கிறது.

நான் வளையத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பிழையான துவக்கை உங்கள் கையில் தந்தது என் குற்றம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வரும் வழியெல்லாம் பாடமாக்கியது அந்த மன்னிப்பு, இந்த இடத்துக்குப் பொருந்துமா என்றுகூட யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலை யாருடையதோ போலப் பார்த்தார். வார்ட்டுக்குள் மணி அடித்தது, பார்க்க வந்த சனம் வெளியே வரத் தொடங்கியது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முதல் வெடியோட அவன் 'மாமா' எண்டு கத்தினவன், தம்பி. எனக்குக் கேக்கேல்ல. நான் ரெண்டாந்தரமும் இழுத்தனான். துவக்குத்தான் ஏலாது எண்டுட்டுது."

இந்தத் தொழிலில் என் கையால் நடந்த மிகச் சரியான வேலை, நான் பிழையாகச் செய்வித்து, பிழையென்று சொல்லியே கொடுத்தனுப்பிய அந்த முதல் வளையந்தான், ஆனால் அதைப் பட்டறையின் பெயர்ப்பலகையில் எழுதிப் போட ஏலாது.