இஸ்மாயிலியாவில் இறங்கப் பார்த்தவள்

1995ஆம் ஆண்டு நவம்பர் நான்காம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்தில் ஒரு கிழவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஞானம்பிகை கப்பலேறினாள். அந்த நேரம் அவளுடைய ஊரான இணுவிலில் சனமில்லை. ஐந்து நாட்களுக்கு முன்னர், இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தல் வந்து, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் மழைக்குள் நடந்துவிட்டது. அவளுடைய கணவன் நகுலேஸ்வரனும், பன்னிரண்டு வயது மிதுசனும், ஒன்பது வயது கேசிகாவும் அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ இருந்தார்கள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

பலெர்மோவுக்கு அவள் வந்து நாலு வருடம். வந்த நாளிலிருந்து அந்தக் கிழவி வீட்டில்தான் வேலை; சிஞ்ஞோரா செலஸ்ரீனா, அதாவது செலஸ்ரீனா அம்மா. சிஞ்ஞோராவுக்கு எழுபத்தொன்பது வயது, நீரிழிவு, முழங்கால் இரண்டும் மடங்காது. ஞானம்பிகை என்ற பெயர் வாயில் நுழையாமல் 'ஜான்னா' என்று கூப்பிடுவாள். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவது, குளிப்பாட்டுவது, சமைப்பது, ஞாயிறுகளில் கோயிலுக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஜான்னாதான்.

சிஞ்ஞோராவின் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். முப்பது வருடம் சூயஸ் கால்வாயால் போய் வந்தவர். அங்கிருந்து அவர் அனுப்பிய அஞ்சலட்டைகளை வைத்துக்கொண்டு பலெர்மோவில் பிள்ளை வளர்த்தவள் சிஞ்ஞோரா. செத்துப்போவதற்கு முதல் அந்தக் கால்வாயை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். மகன் அந்த்ரேயா மூன்று கிழமை உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பதிந்தான். பலெர்மோவிலிருந்து போர்ட் சயித், அங்கிருந்து கால்வாய் வழியாகச் செங்கடல், திரும்பவும் அதே வழி.

"நான் இப்ப வர ஏலாது, சிஞ்ஞோரே," என்று ஞானம்பிகை அவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "என்ரை பிள்ளையள் எங்கை எண்டு தெரியேல்லை. ஆரும் ரெலிபோன் எடுத்தால் நான் இஞ்சை நிக்க வேணும்."

அவள் சொன்னது அரைகுறை இத்தாலியன். அந்த்ரேயாவுக்கு விளங்கியது. கெட்டவன் என்று சொல்ல முடியாது, அவசரக்காரன்.

"அம்மாவுக்கு வேறு யார் ஊசி போட்டாலும் கையைத் தட்டிவிடுவாள். நீ போய் வா. திரும்பி வந்ததும் இருவரும் குவெஸ்தூராவுக்குப் போவோம். உன் பெர்மெஸ்ஸோவுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்."

பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, டிசம்பரில் முடிகிறது. வேலை தருகிறவர் கையெழுத்து வைக்காவிட்டால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் புதுப்பிக்க மாட்டார்கள். அது இல்லாமல் பிள்ளைகளை ஒருநாளும் கூப்பிட முடியாது. ஞானம்பிகை கிழவியின் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

அவளுடைய தம்பி தில்லையம்பலம் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். யாழ்ப்பாணத்துச் செய்தி ஏதும் வந்தால் அவனுக்குத்தான் முதலில் வரும். அவன் பலெர்மோவில் எடுக்கக்கூடிய ரெலிபோன், புனிதமலர் வீட்டில் இருந்தது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்த சிநேகிதி அவள். கப்பலின் பாக்ஸ், அதாவது தொலைநகல், இலக்கத்தை ஞானம்பிகை அவளிடம் எழுதிக் கொடுத்தாள்.

"நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் மறைக்காமல் அனுப்பு."

"போயிட்டு வா. நல்லதாத்தான் வரும்," என்றாள் புனிதமலர்.

கப்பலில் முதல் ஐந்து நாட்களும் ஞானம்பிகைக்கு ஒரே மாதிரித்தான் போயின. சாப்பாட்டு மண்டபத்தில் அவள் சிஞ்ஞோராவுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் நடனமாடும்போது சால்வையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள். பெரிய அறையில் இருந்த தொலைக்காட்சியில் இத்தாலியச் செய்தியைத் தலைப்பிலிருந்து காலநிலை வரை பார்ப்பாள். யாழ்ப்பாணம் என்ற சொல் ஒரு நாளும் வரவில்லை. ஊரையே காலி பண்ணிப் போன சனத்தைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது.

மூன்றாம் நாள், அறைகள் துடைக்க வந்த அல்பேட் அவளைப் பார்த்துத் தமிழில், "அக்கா எந்த இடம்?" என்று கேட்டான். பேசாலைக்காரன். முப்பது வயதிருக்கும். அவனிடம் சிற்றலை ரேடியோ ஒன்று இருந்தது. வேலையாட்களின் தளத்துக்கு அவள் போகக்கூடாது என்பதால், பின்னேரங்களில் அவனே அதைச் சட்டைக்குள் மறைத்துப் பின்தளத்துக்குக் கொண்டு வந்தான். இரண்டு பேரும் காதை ஒட்டவைத்துக் கேட்டார்கள். இரைச்சலுக்குள் இலட்சக்கணக்கானவர்கள் என்றும், நாவற்குழிப் பாலம் என்றும், பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் என்றும் துண்டு துண்டாகக் கேட்டது. பெயர்கள் வரவில்லை. அத்தனை இலட்சத்தில் யாருடைய பெயரைத்தான் ரேடியோ சொல்லும்?

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கப்பல் கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா முதல் ஆளாக மேல்தளத்துக்குப் போக வேண்டுமென்றாள். உதட்டுக்குச் சாயம் பூசி, காதில் முத்துத் தோடு போட்டிருந்தாள். ஞானம்பிகை ஊசியைப் போட்டாள். சாப்பாட்டை மேலே கொண்டு வந்து தருகிறேன் என்று சொல்லி, அவளைக் கம்பியோரம் இருத்திப் போர்வையைச் சுற்றிவிட்டாள்.

இடது கைப்பக்கம் மணல், மணல், வெறும் மணல். வலது பக்கம் ஈச்சமரங்களும் ரயில் பாதையும். கரை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. ஒரு மனிதன் கழுதையில் போனான். இரண்டு பெட்டைகள் புத்தகப் பையோடு நின்று கப்பலுக்குக் கை காட்டினார்கள்.

"இவ்வளவு ஒடுக்கமா!" என்று சிஞ்ஞோரா சிரித்தாள். "இதற்குள்ளா அந்த மனுஷன் முப்பது வருடம் ஒளிந்திருந்தான்?"

அப்போதுதான் அல்பேட் வந்தான். கையில் மடித்த தாள்.

"அக்கா, ரேடியோ அறையில தந்தவை. தமிழ் எழுத்தெண்டபடியால் அவைக்கு ஆரின்ரை எண்டு தெரியேல்லை. நேற்றைக்கே வந்ததாம்."

புனிதமலரின் குண்டெழுத்து, பாக்ஸில் கோடு கோடாக அழிந்து வந்திருந்தது.

'ஞானம், தம்பி எடுத்தவர். அத்தானும் மிதுசனும் கைதடியில ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கினமாம். கேசிகாவைக் காணேல்லையாம். சைக்கிள் கரியரைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். பாலத்தில நெரிசலுக்குள்ளை கை விட்டுப் போச்சுதாம். பத்து நாளாத் தேடுகினம். மறைக்க வேண்டாம் எண்டு சொன்னனீ.'

ஞானம்பிகை அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு சிஞ்ஞோராவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் படிகளால் கீழே ஓடினாள்.

ரேடியோ அறையில் இருந்த இளம் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் செய்மதித் தொலைபேசியைத் தள்ளிவிட்டான். நாலாவது தடவையில்தான் கொழும்பு லொட்ஜ் கிடைத்தது. தில்லையம்பலத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"அக்கா, அழாதை. நேரமில்லை. செஞ்சிலுவைக்காரர் பெயர் பதியினம். பிள்ளையின்ரை விவரம் கேக்கினம். உயரம் என்ன?"

ஞானம்பிகை வாயைத் திறந்தாள். உயரம் வரவில்லை. அவள் விட்டுவிட்டு வரும்போது கேசிகாவுக்கு ஐந்து வயது. தன் இடுப்பளவு என்று மட்டும் தெரியும். இப்போது?

"அத்தானைக் கேளன்!"

"அத்தானோட எப்பிடிக் கதைக்கிறது? ஆள் மூலம் வந்த செய்தி தானே. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. அடையாளம் ஏதும்?"

"முன்பல்லு ரெண்டும் இல்லை," என்றாள் அவள் அவசரமாக. சொன்ன பிறகுதான் உறைத்தது. அது படத்தில் இருக்கிற பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன் வந்த படம். அந்தப் பற்கள் முளைத்து எவ்வளவு காலமாயிருக்கும். "இல்லை, இல்லை, அதை எழுதாதை. தம்பி, அதை எழுதிப் போடாதை! வேற பிள்ளையைக் கொண்டு வந்து காட்டுவினம்!"

"அக்கா, வேற என்ன?"

வேறென்ன என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அவள் செய்தவற்றைக் கேட்டால் அவளுக்கே முழுமையாகச் சொல்ல வராது. அறைக்குப் போய்க் கடவுச்சீட்டைச் சட்டைக்குள் செருகிக் கைப்பையை எடுத்தாள். எந்த அதிகாரியைக் கண்டாலும், "என்னை இறக்கிவிடுங்கள்," என்றாள். கால்வாய்க்குள் கப்பல் நிற்காது என்று ஒருவர் சொன்னார். எகிப்து விசா இல்லை என்று இன்னொருவர் சொன்னார். சூயஸ் போன பிறகு பேசுவோம் என்று மூன்றாமவர் தோளில் தட்டினார். அவளுக்குக் கரைதான் தெரிந்தது. கரையில் இறங்கினால் றோட்டு, றோட்டால் போனால் விமான நிலையம், விமானத்தில் ஏறினால் கொழும்பு, கொழும்பிலிருந்து நடந்தாவது பாலத்துக்குப் போய்விடலாம். தன் பிள்ளையைத் தானே தேட வேண்டும். மற்றவர்களுக்குக் கேசிகாவைத் தெரியாது. தனக்கும் தெரியாது என்பதை அந்த நேரம் அவள் நினைக்க மறுத்தாள்.

கால்வாயின் நடுவில் இருக்கும் இஸ்மாயிலியா நகரத்தில் கப்பல் வேகத்தைக் குறைத்தது. அங்கேதான் கால்வாய் வழிகாட்டிகள் மாறுவார்கள். கப்பலின் விலாவில் இருந்த இரும்புக் கதவைத் திறந்து கயிற்றேணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே சிறு படகு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. பழைய வழிகாட்டி, தொப்பி போட்ட எகிப்தியர், இறங்கிப் படகில் காலை வைத்தார்.

அவருக்குப் பின்னால் ஞானம்பிகை இறங்கினாள்.

மாலுமிகள் அவளைக் கவனிக்கும்போது ஏணியின் மூன்றாவது படியில் நின்றாள். கைப்பை தோளிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. படகில் நின்ற எகிப்தியர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஏதோ கத்தினார். போ என்கிறாரா வா என்கிறாரா, அவளுக்கு விளங்கவில்லை. அப்போது மேலிருந்து ஒரு கை அவளுடைய மேல்கையை இறுக்கிப் பிடித்தது.

"அக்கா! விழுந்தால் கப்பல் விசிறி இழுத்துப் போடும். மேலை வாங்கோ!" அல்பேட்.

"விடடா என்னை! என்ரை பிள்ளை தனிய நிக்குது!"

"நிக்குது அக்கா. நிக்கிற பிள்ளைக்குத் தாய் வேணுமெல்லோ? வாங்கோ."

மூன்று பேர் சேர்ந்து அவளை இழுத்து உள்ளே போட்டார்கள். இரும்புத் தரையில் முகம் படக் கிடந்து அவள் அழுத சத்தம் எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டதாக அல்பேட் பிறகு சொன்னான். கதவை மூடினார்கள். படகு கரைப்பக்கம் போய்விட்டது.

யாரோ தண்ணீர் கொடுக்கும்போதுதான் சிஞ்ஞோராவின் நினைவு வந்தது. ஊசி போட்டு மூன்று மணித்தியாலம். சாப்பாடு கொடுக்கவில்லை.

மேல்தளத்துக்கு எப்படி ஓடினாளோ தெரியாது. சிஞ்ஞோரா நாற்காலியில் ஒருபக்கம் சரிந்து, வியர்வையில் நனைந்து, கண் திறந்தபடி ஒன்றையும் பார்க்காமல் இருந்தாள். சுற்றியிருந்தவர்கள் கிழவி தூங்குவதாக நினைத்துக் கரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞானம்பிகை பக்கத்து மேசையிலிருந்த சீனியை அள்ளித் தண்ணீரில் குழைத்து அவளுடைய பல்லிடுக்கால் விரலால் பூசினாள். திரும்பத் திரும்பப் பூசினாள். "சிஞ்ஞோரா, விழுங்குங்கோ. விழுங்குங்கோ," என்று தமிழிலேயே சொன்னாள். வைத்தியர் வந்து சேரும்போது கிழவியின் தொண்டை அசையத் தொடங்கியிருந்தது.

சிஞ்ஞோரா பிழைத்தாள். ஆனால் மிச்சக் கால்வாயை அவள் பார்க்கவில்லை. திரும்பி வரும்போதும் மருத்துவ அறையில்தான் கிடந்தாள்.

பலெர்மோத் துறைமுகத்தில் அந்த்ரேயா காத்து நின்றான். கப்பல் வைத்தியர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் சத்தம் போடவில்லை. "உன்னை நம்பி அம்மாவை அனுப்பினேன்," என்றான். ஞானம்பிகையின் உடுப்புகளை ஏற்கெனவே இரண்டு பைகளில் கட்டிக் காரின் பின்பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தான். சிஞ்ஞோரா காருக்குள் இருந்தாள். கண்ணாடிக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று ஞானம்பிகை கார் திரும்பும் வரை எதிர்பார்த்தாள்.

புனிதமலரின் அறையில், தரையில் படுத்தபடி, இரண்டு கிழமை ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. தில்லையம்பலம் எடுத்தான்: இன்னும் இல்லை. மறுபடியும் எடுத்தான்: கொடிகாமத்தில் ஒரு பிள்ளை இருக்குதாம், அத்தான் பார்க்கப் போயிட்டார். அடுத்த நாள்: அது வேறு பிள்ளை. அந்த இரவு புனிதமலர் சமையல் கத்தியையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் எடுத்து ஒளித்துவைத்தாள்.

பிறகு ஒரு நாள் சிஞ்ஞோரா எடுத்தாள்.

"புதிதாக வந்த பெண் என் கையைக் குத்திக் கிழிக்கிறாள்," என்று எடுத்தவுடன் முறைப்பட்டாள். பிறகு கேட்டாள்: "உன் பிள்ளை?"

"கிடைக்கேல்லை, சிஞ்ஞோரா."

"நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். நானே உன்னை அந்த ஏணியால் தள்ளிவிட்டிருப்பேன்." மூச்சு வாங்கியது. "அந்த்ரேயா உன்னைத் திரும்ப எடுக்க மாட்டான். நான் கத்திப் பார்த்துவிட்டேன். ஆனால் நாலு வருடம் நீ இங்கே வேலை செய்தாய் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறான். ஆள் அனுப்பி எடு."

அந்தக் கடிதத்தோடு அவள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரர் பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்து வைத்தார். டிசம்பர் பத்தொன்பதாம் திகதி, கணவாய் மீன் உரித்துக்கொண்டிருந்த நேரம், கடையின் ரெலிபோனுக்குப் புனிதமலர் எடுத்தாள்.

"ஞானம், கிடைச்சிட்டாள். மிருசுவிலில ஆரோ ஒரு குடும்பம் தங்கடை பிள்ளையளோட வைச்சுப் பாத்ததாம். அத்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திட்டார். காய்ச்சல்தானாம், வேற ஒண்டுமில்லை. கேக்குதே?"

ஞானம்பிகைக்குக் கேட்டது. கணவாய் மை ஒட்டிய கைகளோடு ரெலிபோனைக் காதில் அழுத்திப் பிடித்தாள்.

அவர்கள் மூன்று பேரும் வன்னிக்குப் போய், மலேரியாவும் பதுங்குகுழியும் கண்டு, வவுனியாவால் கொழும்புக்கு வந்து, பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கும்போது 1999 ஆகிவிட்டது. கேசிகாவுக்குப் பதின்மூன்று வயது. தாயின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்தபோது விறைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் தகப்பனைத்தான் கேட்டாள்.

ஆறு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிறு, மொண்டெல்லோக் கடற்கரையில், கேசிகா மணலைக் கிளறிக்கொண்டு கேட்டாள்: "நான் துலைஞ்ச நேரம் நீங்கள் கப்பலிலை சுத்திப் பாக்கப் போனனீங்களாம். அண்ணா சொன்னவன்."

ஞானம்பிகை மகளுக்குப் பக்கத்தில் மணலில் குந்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாக்ஸ், ஏணி, சீனி. உயரம் கேட்டபோது வாயடைத்து நின்றதையும் விடவில்லை. கேசிகா அழவில்லை, அணைக்கவுமில்லை. கேட்டு முடித்து எழுந்து, பாவாடை மணலைத் தட்டினாள்.

"அந்த அண்ணைக்கு என்ன பேர்?"

"எந்த அண்ணை?"

"உங்களை இழுத்து எடுத்தவர்."

"அல்பேட். பேசாலை."

"அவருக்குக் கடிதம் போடுறனீங்களோ?"

"விலாசம் தெரியாது, பிள்ளை."

"தேடிப் பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கேசிகா பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். கொஞ்சத் தூரம் போய், தாய் வருகிறாளா என்று நின்று பார்த்தாள்.