தலகாணிச் சட்டை

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூங்கில் குச்சியால் சட்டைகளை அடித்துக்கொண்டிருக்கிறார் மலைச்சாமி. விடிந்தும் விடியாத நேரம். அணைத் தண்ணீர்மேல் படுத்த பனி இன்னும் எழுந்திருக்கவில்லை. படகுத்துறைக் கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்குகின்றன சட்டைகள். ஒன்றில் ரோசாப்பூ, ஒன்றில் மயில், ஒன்றில் பச்சைக் கோடு. யாரோ கல்யாண வீட்டுத் தலகாணிகளைக் காயப் போட்டது போலிருக்கும். ஒவ்வொன்றையும் பொத்துப் பொத்தென்று அடித்து, கன்னத்தில் வைத்து அமுக்கிப் பார்த்து, "ம்... உசுரு இருக்கு" என்பார். அடுத்ததுக்குப் போகுமுன் ஒரு தும்மல். அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் மேல் லயத்தில் அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்படித்தான் சொல்கிறார்கள்.

போடிமெட்டுக்கு மேலே, மலைக்குள் கிடக்கிற தண்ணீர் அது. இந்தக் கரையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்கள், அந்தக் கரையில் ஏலக்காய்த் தோட்டம். காய் எடுக்கும் பெண்களைக் காலையில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது மலைச்சாமியின் சோலி. நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி. காதுகள் மட்டும் பெரிசு. காற்றடிக்கிற நாளில் படகுக்குத் துடுப்பே வேண்டாம், மலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும் என்று பெண்கள் சொல்வார்கள். நீச்சல் தெரியாது. அது ரகசியம். லயம் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

பிறந்தது போடியில், இலவம் பஞ்சுக் கடைக்காரர் வீட்டில். பஞ்சு மூக்குக்கு ஆகவில்லை. தும்மித் தும்மியே ஊரை விட்டு மலையேறியவர் என்று கடையில் இருக்கிற தம்பி கன்னையன் இன்றைக்கும் சிரிக்கிறார். "பஞ்சு இல்லாத எடமாப் பாத்துப் போறேன்டா" என்று கிளம்பி வந்தவருக்கு, படகில் ஏறின அன்றைக்கே எஸ்டேட் ஆபீசில் தூக்கிக் கொடுத்தது என்ன தெரியுமா? பஞ்சு அடைத்த காக்கிச் சட்டைகள். தண்ணீரில் விழுந்தால் ஆளை மிதக்கவைக்கிற சட்டை. ஆபீசில் அதற்கு லைஃப் ஜாக்கெட் என்று பேர். பெண்கள் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலகாணிச் சட்டை என்று பேரை மாற்றிவிட்டார்கள்.

பேர் வைத்தால் பேருக்குத் தக்கபடிதானே நடத்துவார்கள்? படகுப் பலகை எப்போதும் ஈரம். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று ஆளுக்கொரு சட்டையை மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்தார்கள். காய் காயப்போடுகிற ஸ்டோருக்கு ஒன்று தலைக்கு வைக்கப் போயிற்று. பிள்ளை பெற்ற ஒருத்தியின் முதுகுக்கு அண்டக் கொடுக்க இன்னொன்று போயிற்று. எல்லாரையும் விடப் பெரிய பாவி மலைச்சாமிதான். பெண்களை இறக்கிவிட்ட பிறகு, படகுக்குள்ளேயே நாலைந்து சட்டையை அடுக்கி, அதன்மேல் தலையைச் சாய்த்து அவர் தூங்கிய மத்தியானத் தூக்கத்தை ஜமீன்தார்கூடத் தூங்கியிருக்க மாட்டார். பஞ்சுக்கடையில் வளர்ந்தவருக்கு, அமுக்கி நசுக்கின பஞ்சில் காற்று நிற்காது, காற்றில்லாத பஞ்சு மிதக்காது என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும். தூக்கம் வந்தால் தெரிந்ததெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

எண்பத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். கங்காணி ஜக்கையன் ஓடுகிற படகில் எழுந்து நின்று பீடி பற்றவைத்தார். காற்று லேசாக ஒரு தட்டுத் தட்டியது. தீப்பெட்டி ஒரு பக்கம், கங்காணி ஒரு பக்கம். அவர் உடம்பில் சட்டை இருந்தது. மலைச்சாமி தினமும் தலைக்கு வைத்த சட்டை. கங்காணி மூக்கு வரைக்கும் முங்கி, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு எருமை போல முழித்தார். துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டார்கள். கரையேறி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "சட்டையாய்யா இது? கல்லக் கட்டி விட்ட மாதிரில்ல உள்ள இழுக்குது!"

பேச்சு லயம் லயமாகப் பரவிற்று. சட்டையைப் போட்டால்தான் முங்கும், போடாவிட்டால் தப்பிக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்திருந்த கோட்டயத்து மேனேஜர் துறையில் வந்து நின்று, "ஜாக்கெட் இல்லெங்கில் வள்ளம் வேண்டா" என்று கையை விரித்துவிட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் படகோட்டியே தன் கையால் நாடாவை முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்க்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் எல்லாரும் போட்டாகவேண்டும். இல்லையென்றால் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் தண்ணீரைச் சுற்றி நடந்து போகட்டும், மலைச்சாமி ஸ்டோரில் மூட்டை தூக்கட்டும். சுற்றுப் பாதை என்பது ஆனை தண்ணீர் குடிக்க இறங்குகிற பாதை.

மலைச்சாமி எல்லாரையும் சரிக்கட்டியிருப்பார். ஒரே ஒரு ஆள்தான் முடியாது. படகின் முன்முனையில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலுத்தாய். காய் எடுக்கிற செட்டுக்குத் தலைவி. செட்டு முழுக்க அவர் ஊர்க்காரப் பெண்கள். அவர் போட்டால் போடுவார்கள், போடாவிட்டால் போடமாட்டார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், வேலுத்தாய் மலைச்சாமிக்கு மாமியார்.

மருமகன் முகத்துக்கு நேரே பேசாத தலைமுறை அவர். படகில் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் மாப்பிள்ளை துடுப்புப் போடுவார். இருந்தாலும் எல்லாப் பேச்சும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆயம்மாள் வழியாகத்தான் போகவேண்டும். ஆயம்மாள் நல்ல தபால்காரி. வழியில் கடிதத்தைப் பிரித்து நாலு வரி சேர்த்து எழுதுகிற தபால்காரி.

"ஆயம்மா, காத்து வருது, அத்தையக் கொஞ்சம் குனிஞ்சு உக்காரச் சொல்லு" என்பார் மலைச்சாமி.

"சின்னம்மா, ஒனக்கு முதுகு கூனிப்போச்சாம். மாப்ள கவலப்படுறாரு."

"ஆயம்மா, மாப்ளகிட்டச் சொல்லு. என் முதுகப் பாக்குற நேரத்துக்குத் தண்ணியப் பாக்கச் சொல்லு!"

சட்டைப் பேச்சும் இதே வழியில்தான் நடந்தது. "ஆயம்மா, மாப்ளகிட்டச் சொல்லு. கங்காணி முங்குனத நானும் பாத்தேன். முங்குற சட்ட எனக்கு வேணாம். நாங்க நடந்து போய்க்கிறோம்." ஒருநாள் நடந்தும் போனார்கள். பாதை நடுவில் ஒற்றை ஆனை நின்று ஈத்தை மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. அது தின்று முடிக்கிறவரைக்கும் செட்டு முழுக்க ஒரு பாறைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படியும் வேலுத்தாய் இறங்கி வரவில்லை. "ஆனைக்கு வழி விட்டா அது போயிரும். தண்ணி போகுமா?" என்றார்.

அன்றைக்கு மலைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரில் மூட்டை தூக்கவேண்டிவரும் என்பதற்காகக்கூட இல்லை. பாறைக்குப் பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்த கதைதான் தொண்டையில் நின்றது. பொண்டாட்டி அன்னக்கொடியிடம் புலம்பினார். "முங்கிரும்னு இப்படியா பயப்படுவாக ஒங்காத்தா?"

அன்னக்கொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்காத்தாவுக்கா பயம்? எரும வாலப் புடிச்சுக்கிட்டுக் கம்மாயத் தாண்டுன ஆளு அது. சட்டைக்கு முடிச்சு எங்கிட்டு இருக்கு?"

"முதுகுல."

"அதக் கட்டுறது யாரு?"

"நாந்தேன்."

"அப்புறமென்ன கேள்வி? மருமகன் கையி முதுகுல படுறதுக்கு, எங்காத்தா ஆனைகிட்டயே மிதிபட்டுச் சாகும். அத வாயத் தொறந்து சொல்லவும் முடியாது. அதேன் முங்கும் முங்கும்னு சாதிக்குது."

மலைச்சாமியின் காதுகள் இரண்டும் சிவந்தன.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஜீப்பில் போடிக்கு இறங்கினார். திரும்பும்போது மடியில் ஒரு மூட்டை புதுப் பஞ்சு, கையில் தலகாணிக் கடைத் துண்டுத்துணிகள். கன்னையன் ஜீப்பு வரைக்கும் வந்து, "பஞ்சு வேணாம்னு போன மகராசன் பஞ்சோட போறாரு, எல்லாரும் பாத்துக்கங்க!" என்று கத்தி வழியனுப்பினார். மூட்டையின் வாய் சரியாகக் கட்டவில்லை. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் மலைச்சாமி தும்மினார், ஒவ்வொரு தும்மலுக்கும் பஞ்சு பறந்தது. போடிமெட்டில் இறங்கிய ஆட்களெல்லாம் நரைத்துப்போய் இறங்கினார்கள். டிரைவர் மட்டும், "அண்ணே, கீழ ஏறையில எனக்கு வயசு முப்பதுண்ணே" என்றார்.

அன்று மிச்சப் பொழுதும் ராத்திரியும் அன்னக்கொடி தைத்தாள். பழைய சட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு இல்லை, அடைதோசை இருந்தது. அதை உதறித் தள்ளிவிட்டுப் புதுப் பஞ்சைத் திணித்து, பூப்போட்ட துணியில் மேலுறை போட்டாள். முதுகிலிருந்த நாடாவையெல்லாம் பிரித்து முன்பக்கம் வைத்தாள். போடுகிறவர்களே கட்டிக்கொள்ளலாம், படகோட்டி தள்ளி நின்று கண்ணால் பார்த்தால் போதும். மேனேஜர் ஒரு சட்டையைப் போட்டு முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு வாய்த்தது மயில் போட்டது.

இன்னும் ஒரு பாக்கி இருந்தது. வேலுத்தாய் ஊரறிய முங்கும் என்று சொல்லியாயிற்று. முங்காது என்று ஊரறியக் காட்டாமல் எந்த முகத்தோடு அவர் சட்டையைத் தொடுவார்?

திங்கட்கிழமை காலை. செட்டு முழுக்கத் துறையில் நிற்கிறது. வேலுத்தாய் வழக்கம்போல முதுகைக் காட்டி நிற்கிறார். மலைச்சாமி ரோசாப்பூச் சட்டையைப் போட்டு, முன்னால் இறுக்கி முடிச்சுப் போட்டு, இடுப்பில் கட்டிய நீளக் கயிற்றின் மறுநுனியைத் துறைக் கட்டையில் கட்டிவிட்டு, "ஆயம்மா, அத்தையப் பாக்கச் சொல்லு" என்றார். கண்ணை இறுக மூடினார். குதித்தார்.

தண்ணீர் அவரை ஒருதரம் உள்ளே வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மேலே அனுப்பிவிட்டது. நெஞ்சு வரைக்கும் வெளியே. தக்கை மாதிரி நிமிர்ந்து நின்று ஆடினார். பெண்கள் குலவை போட்டார்கள். மலைச்சாமிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீகளா! உக்காந்து கெடுக்காம இருந்தா ஆனையே மெதக்கும்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டையில் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. சட்டை முடிச்சில் இருந்த கவனம் கயிற்று முடிச்சில் இல்லை. காற்று அவரை அலுங்காமல் நகர்த்திக்கொண்டு போயிற்று. முங்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார், மெதுவாகச் சுற்றிச் சுற்றி, ஒருதரம் முகத்தைக் காட்டியும் ஒருதரம் முதுகைக் காட்டியும்.

"ஏய், வெரசாக் கயித்தப் போடுங்கடி!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

"ஆயம்மா!" என்றார் வேலுத்தாய். "மாப்ளகிட்டச் சொல்லு, கையக் கால அடிக்கச் சொல்லு!"

ஆயம்மாள் சொல்கிற நிலையில் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயம்மாளைப் பார்த்தார். பிறகு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நீளத் துடுப்பை எடுத்து நீட்டினார்.

"மாப்ளே! புடிங்க!"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நேராகக் காதில் விழுந்த முதல் வார்த்தை. மலைச்சாமி திகைத்துப்போய்ப் பிடிக்க மறந்து இன்னொரு சுற்றுச் சுற்றினார். அடுத்த சுற்றில் பிடித்தார். வேலுத்தாய் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மாட்டை இழுப்பதுபோல இழுத்துக் கரையில் சேர்த்தார். துடுப்பின் அந்த நுனியில் அவர், இந்த நுனியில் இவர், கை படவில்லை.

தலைப்பைப் பிழிந்துகொண்டே, "ஆயம்மா, மாப்ளகிட்டச் சொல்லு" என்றார். "அந்த மஞ்சப் பூப் போட்டதக் கொண்டாரச் சொல்லு. அது எனக்கு."

அன்றிலிருந்து படகு ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போது அக்கரையில் பெண்களை இறக்கிவிட்டதும் சட்டைகளைப் படகோரக் கொடியில் தொங்கவிட்டுவிடுகிறார் மலைச்சாமி; யாராவது ஒன்றை மடித்துப் பலகையில் போட்டால், "உக்காராதே!" என்று போடுகிற சத்தத்தில் எதிர்மலை திரும்பச் சொல்லும். மத்தியானத் தூக்கத்தை மட்டும் விடமுடியவில்லை. படகுக்குள் கால் நீட்டுவார். கை பழக்கத்தில் சட்டைப் பக்கம் போகும். மஞ்சள் பூவை ஒருதரம் தடவிவிட்டுத் திரும்பி வந்துவிடும். துடுப்புக் கட்டையைக் கழுத்துக்குக் கொடுத்துப் படுத்துக்கொள்வார்.

நேற்று மத்தியானம் தண்ணீர் மோந்து போக வேலுத்தாய் கரைக்கு வந்தார். படகை எட்டிப் பார்த்தார். குடம் வைக்கத் தலையில் சுருட்டியிருந்த துணிச் சும்மாட்டை எடுத்து உதறி, படகு விளிம்பில் மாப்பிள்ளையின் தலைமாட்டுக்கு நேராக வைத்தார். அப்புறம் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "ஆயம்மா, மாப்ளகிட்டச் சொல்லு. கழுத்து சுளுக்கிக்கிரும்" என்றார்.

ஆயம்மாள் மலைக்கு மேலே காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கரையில் வேறு யாரும் இல்லை.

மலைச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். காலடிச் சத்தம் ஏலச்செடிக்குள் போய்த் தேய்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அந்தச் சும்மாட்டை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.