பதினொரு ஒன்றுகள்

1952 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை குஜம் ரயிலேறினாள். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பக் கூடாது என்று குருக்கள் வீட்டில் ஒரு நாள் முன்னதாகவே கிளப்பிவிட்டார்கள். முழுப்பெயர் அபீதகுஜாம்பாள். கணவருக்குக் கடல் தாண்டி ஈப்போவில் கோயில் வேலை. நாகப்பட்டினத்தில் கப்பல்.

வழியனுப்ப, டவுனுக்குப் பக்கத்துக் கிராமமான வேங்கிக்காலிலிருந்து என் சித்தி கஸ்தூரி நடந்தே போயிருந்தாள். இருவரும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவர்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ஒருத்தி எண் சொன்னால், அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணை மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உடைப்பது என்று பெயர். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் பதினொரு லட்சத்துச் சொச்சத்தை 239 உடைக்கும் என்று குஜம் கண்டுபிடித்திருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து ஒன்றுகள் சட்டென்று உடைந்தன. பதினொன்று மட்டும் அசையவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து குஜம் சொன்னாளாம்: "பதினொண்ணை நீ உடை. உடைச்சப்பறம் எழுது. அதுவரைக்கும் சௌக்கியமான்னு கேட்டு லெட்டர் போடாதேடி, நேக்கு அழுகை வரும். நானும் போட மாட்டேன்."

சித்தி வார்த்தையைக் காப்பாற்றினாள். கல்யாணமானது, கடலைக் காடு, இரண்டு மாடு. இந்த எண்ணில் ஒரு வசதி உண்டு. வகுக்கும்போது கீழே இறக்க வேண்டிய இலக்கம் எப்போதும் ஒன்றுதான். அதனால் காகிதமே வேண்டாம். களை எடுத்துக்கொண்டே வகுத்தாள். இரட்டைப்படையையும் ஐந்தில் முடிவதையும் தள்ளிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவரை பார்த்தாள் என்பதை மட்டும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி, மறுநாள் அழித்து எழுதுவாள்.

"கறக்கறப்பகூட ஒன்னு ஒன்னுன்னு முணுமுணுக்கறா. மாடும் ஒரு படியோட நிறுத்திக்குது" என்று சித்தப்பா ராஜமாணிக்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1966இல் நான் திரும்பினேன். கல்கத்தா நூலகம் ஒன்றில் இந்த ஒன்றுகளைப் பற்றிப் படித்திருந்தேன். பெரும்பாலான வரிசைகள் உடைந்துவிடும்; ஆனால் பத்தொன்பது ஒன்றுகள் எந்தக் காலத்திலும் உடையாது என்று நிரூபித்திருக்கிறார்கள். அதைச் சித்தியிடம் சொல்லத்தான் கொட்டகைக்குப் போனேன். சுவரில் 21,649 என்று இருந்தது. பக்கத்தில் மஞ்சள் குங்குமம். கரி மங்கியிருந்தது.

உடைந்து மூன்று வருஷம் ஆயிற்றாம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். சித்தி வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தாள்.

"எழுதிட்டா முடிஞ்சிடும்டி. அப்புறம் அவளுக்கு எழுத என்கிட்ட என்ன இருக்கு?"

"அவங்க இன்னும் காத்துக்கிட்டு இருப்பாங்க சித்தி."

பத்தொன்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளே டவுனுக்குப் புறப்பட்டாள். குஜத்தின் அண்ணன் மௌலி குருக்களிடம் விலாசம் வாங்கி, தபாலாபீசிலேயே நின்று எழுதினாள்: "21,649ஐ 5,13,239ஆல் பெருக்கு. சௌக்கியமா?"

பதில் வரவில்லை. குஜம் வேறு ஊருக்கு மாறியிருக்கலாம் என்றார் மௌலி. சித்தி சுவரை வெள்ளையடித்துவிட்டாள். கறக்கும்போது முணுமுணுப்பதும் நின்றது.

1968 கார்த்திகையில், தீபத்துக்கு முதல் நாள், ஊரெல்லாம் கூட்டமாக இருந்தபோது தபால்காரர் வந்தார். கடிதம் பல ஊர் முத்திரைகளோடு இருந்தது.

"கஸ்தூரி, உன் லெட்டர் நாலு ஊர் சுத்திண்டு இப்பத்தான் வந்தது. உடைச்சுட்டியே. நான் சௌக்கியம். நடுவுல இருக்கறதெல்லாம் விட்டுடு, அடுத்தது பத்தொன்பது ஒண்ணு. இந்தத் தடவை உடையற வரைக்கும் காத்திருக்காதே. நடுநடுவே எழுது."