தலையாட்டிய இரண்டு விநாடி

மந்தநிலை என்றால் என்ன என்பதற்கு எனக்கு வரையறை தெரியும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகளில் ஒரு நாட்டின் உற்பத்தி குறைந்தால் அது மந்தநிலை. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடக்கூட என்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த வருஷம் சாயங்காலமானால் எல்லாச் சேனலிலும் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து, மந்தநிலை இருக்கிறதா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இது மந்தநிலை அல்ல, மந்தமான வளர்ச்சி என்பார் ஒருவர். போன ஆட்சியில் ஆரம்பித்தது என்பார் இன்னொருவர். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி எங்கள் பிரிவையே மூடி எல்லாரையும் அனுப்பிவிட்டதால், அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன்.

"இருக்குங்கிறானா, இல்லங்கிறானா?" என்று அப்பா கேட்பார்.

"ரெண்டும் சொல்றாங்கப்பா."

"அப்ப உன்னைய எதுக்கு அனுப்புனாங்க?"

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே யாருக்கும் இந்த விவாதம் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு வரவேண்டிய திருப்பூர் ஆட்கள் ஆடி மாதமே பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லையாம். வந்தவர்கள் வயலில் வேலை கேட்டார்கள். நடவை விட்டுப் பல வருஷமான அவர்கள் மனைவிமார்களும் திரும்பச் சேற்றில் இறங்க வந்தார்கள். பாதி நிலத்தில் ஏற்கெனவே மெஷின் நடவு. மீதி இருந்த வயல்களுக்கு இரண்டு மடங்கு கைகள். நூறு நாள் வேலையாவது கொடுங்கள் என்று பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனுவை எழுதியவள் நான். வேலையும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

அப்போதுதான் ஒரு விவாத நிகழ்ச்சியிலிருந்து போன் வந்தது. என் கல்லூரியில் எண் வாங்கியிருந்தார்கள். "கிராமத்துலேர்ந்து எக்கனாமிக்ஸ் படிச்ச பொண்ணு ஒருத்தங்க வேணும் மேடம். தஞ்சாவூர்லதான் ஷூட்டிங்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மேடம் என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா இதை வயலில் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்ப்பவர் எனக்கு அத்தை முறை. எந்த வயலில் என்றைக்கு நடவு, யார் யார் வரவேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அன்று சாயங்காலம் நாலைந்து பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ என்னத்தையாவது பேசிக்க. ஆனா எங்களுக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லிப்புடு. நாங்க வேலை வேணாம்னு உக்காரல. எழுதிக் குடுத்துக் கேட்டோம், குடுக்கல. அம்புட்டுதான்."

"சொல்லிடுறேன் அத்தை."

"எங்க, சொல்லு பாப்போம்."

சொல்லிக் காட்டினேன்.

"எழுதி வச்சிக்கிறியா?"

"எம்.ஏ. படிச்சிருக்கேன் அத்தை. இது மறந்துருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கும்பகோணத்தில் பஸ் மாறி, தஞ்சாவூரில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மணமேடையை மறைத்துப் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள்: மந்தநிலையா, மனநிலையா? இரண்டு பக்கமும் நாற்காலிகள். ஒரு பக்கம் மந்தநிலை என்பவர்கள், இன்னொரு பக்கம் எல்லாம் மனநிலைதான் என்பவர்கள். ஒருங்கிணைப்பாளர் ஓடி ஓடி ஆட்களை உட்கார வைத்தார்.

"மேடம், அந்தப் பக்கம் ரெண்டு சீட் காலியா இருக்கு. மாறி உக்காந்துக்கிறீங்களா?"

"நான் வேலை போயி வந்திருக்கேன் சார்."

"அப்ப இங்கேயே இருங்க. பேசும்போது அழுகை வந்தா அடக்காதீங்க. நேச்சுரலா இருக்கும்."

சிறப்பு விருந்தினர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கிரிக்கெட்டிலிருந்து காவிரித் தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் எல்லாச் சேனலிலும் கருத்துச் சொல்பவர். நான் முன்வரிசையில், அவருக்கு நேர் எதிரே இருந்தேன்.

என் முறை வந்ததும் எழுந்து நின்று மைக்கை வாங்கினேன். வரையறையிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு காலாண்டு, உற்பத்தி, நுகர்வு, கிராமப்புறத் தேவை. ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தமாகச் சொன்னேன். கிராமத்துப் பெண் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், இவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நினைக்கவேண்டும் என்று இருந்தது. தொகுப்பாளர் வாட்ச்சைப் பார்த்தார். "அருமைம்மா, நல்ல கருத்து" என்று மைக்குக்குக் கை நீட்டினார். அப்போதுதான் அத்தை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மைக் பாதி அவர் கையில் இருக்கும்போதே அவசரமாக அதைச் சொன்னேன். சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். யாருக்குக் கேட்டது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒளிபரப்பினார்கள். எங்கள் வீட்டு டிவி சிறியது என்று எல்லாரும் அத்தை வீட்டில் கூடியிருந்தோம். பத்துப் பெண்களாவது இருக்கும். அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள். ஒவ்வொரு முறை என் பக்கம் கேமரா திரும்பும்போதும், "தோ, தோ, நம்ம புள்ள" என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள்.

நான் பேசியது வரவே இல்லை. வரையறையும் இல்லை, அத்தை சொன்னதும் இல்லை. கடைசியில் சிறப்பு விருந்தினர் பேசினார். "டெல்டாவுல போய்ப் பாருங்க. நடவுக்கு ஆள் கிடைக்கல. ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது, எவன் குனிவான்? மந்தநிலை எங்கேயும் இல்லைங்க. சோம்பேறித்தனம்தான் இருக்கு." கைதட்டினார்கள். அடுத்த காட்சியில் என் முகம். நான் தலையை ஆட்டுகிறேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம், நிதானமாக. இரண்டு விநாடி இருக்கும்.

"ஏய், வேற எதாவது போடு" என்றார் அத்தை தன் மகளிடம். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா டம்ளர்களைப் பொறுக்கினாள்.

மறுநாளைக்குள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எல்லாருடைய போனிலும் விட்டிருந்தார்கள். 'கிராமத்துப் பெண்ணே ஒப்புக்கொண்டார்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் என்னைப் பாராட்டியிருந்தார்கள். நேர்மையான பொண்ணு என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். எங்கேயோ ஆட்டிய தலையை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்றேன்.

"இல்ல மேடம். அந்த நேரத்துலதான் ஆட்டுனீங்க. முழு ஃபுட்டேஜ் இருக்கு, அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

அனுப்பினார். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் சோம்பேறித்தனம் என்கிறார், என் பக்கம் பார்க்கிறார், நான் தலையாட்டுகிறேன். நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்தேன்.

ஏன் ஆட்டினேன் என்பது எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆட்டியிருக்கிறேன். டீச்சர் எங்கள் பெஞ்சைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் புரியுதா?" என்று கேட்பதற்கு முன்னால் நான் ஆட்டிவிடுவேன். அந்த 'உங்களுக்கெல்லாம்' என்ற வார்த்தையைக் கேட்காமல் இருப்பதற்காக ஆட்டுவேன். கல்லூரியிலும் அப்படித்தான், கம்பெனியில் எங்கள் பிரிவை மூடுவதாக மேனேஜர் அறிவித்தபோதும் அப்படித்தான். பெரிய ஆள் ஒருவர் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தால் என் தலை ஆடும். எனக்கு விளங்குகிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். அதை யாரிடம் போய் விளக்குவது?

வயலில்தான் விளக்கிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவதுபோலப் போனேன். நாற்று முடிகளைச் சேற்றில் வீசிவிட்டு வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை நிமிர்ந்தார்.

"வாங்க, டிவிக்காரம்மா. வரப்புலயே நில்லுங்க. சேத்துல எறங்குனா சோம்பேறித்தனம் ஒட்டிக்கும்."

"அத்தை, நீங்க சொல்லச் சொன்னத நான் சொன்னேன். வெட்டிட்டாங்க."

"தலைய ஆட்டுனத மட்டும் வெட்டலையோ?"

"பூம்பூம் மாடு கணக்கால்ல ஆட்டுது" என்றார் ஓரத்திலிருந்த ஒருவர். சிரித்தார்கள்.

"ஆட்டினேன் அத்தை. ஆனா ஒத்துக்கிட்டு ஆட்டல."

"ஒத்துக்காம எதுக்குடி ஒருத்தி தலைய ஆட்டுவா?"

அப்போது திருப்பூரிலிருந்து வந்த ஓர் அக்கா, கையில் நாற்றோடு என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசமா வாசல் வாசலா ஏறி எறங்கி வேலை கேக்குறாரு. அவர அந்தாளு சோம்பேறிங்கிறான். நீ ஆமாங்கிற" என்றுவிட்டுக் குனிந்துகொண்டார். அம்மா நடவிலிருந்து நிமிரவே இல்லை.

மறுநாள் அம்மாவை நடவுக்குக் கூப்பிடவில்லை. ஆள் கூடிப்போச்சாம். அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. நடவு மொத்தமே மூன்று வாரம்தான். அதில் கிடைக்கும் நாட்கள்தான் எங்கள் வீட்டுக்கு அந்தப் பருவத்தில் வருகிற வேலை. நான் அத்தை வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். அம்மா தடுத்தாள்.

"சும்மா இரு. ஆள் கூடிப்போனது நெசந்தான்."

"என்னாலதானேம்மா?"

"எல்லாத்துக்கும் நீதானா?" என்று துணி துவைக்கப் போய்விட்டாள். அவள் எனக்காக மழுப்புகிறாள் என்று நினைத்தேன். ஊரில் ஒரு பெண் குனிந்து நட்டுக் கிடைக்கிற பிழைப்பை, குனியாத நான் உட்கார்ந்த இடத்தில் தலையாட்டிக் கெடுத்துவிட்டேன் என்று இரண்டு நாளாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

காந்தி ஜெயந்தியன்று கிராம சபை. கோரிக்கையை நான்தான் எழுந்து படிப்பதாக முன்பு பேச்சு. அத்தை ஆள் சொல்லி அனுப்பினார்: நீ பேச வேணாம். போகாமல் இருக்கலாம் என்று நினைத்துவிட்டு, பிறகு போய்ப் பின்னால் உட்கார்ந்தேன்.

அத்தைதான் எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வேலை வேணும்னு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. குடுக்கல. ஏன் குடுக்கலன்னு சொல்லுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். நான் வரையறையெல்லாம் சொல்லிச் சுற்றி வளைத்த இடத்துக்கு அவர் நேராகப் போய்விட்டார். மேடையிலிருந்த அதிகாரி எழுந்து நிதி, ஒதுக்கீடு, நாட்டின் பொருளாதாரச் சூழல் என்று வெகுநேரம் பேசினார். பாதி டிவியில் கேட்டதுதான். பிறகு ஊராட்சிச் செயலாளர் எழுதிய தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வந்தது.

அத்தைக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பினார். என்னைத் தேடிக் கை காட்டினார்.

"இங்க வா. என்ன எழுதியிருக்காருன்னு படி. உன் கருத்தெல்லாம் வேணாம். எழுதுனத படி."

படித்தேன். "வேலைவாய்ப்பு குறித்து விவாதிக்கப்பட்டது. உரிய விளக்கம் அளிக்கப்பட்டு, பொதுமக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்."

"நாங்க எழுதிக் குடுத்தது?"

"அது இல்ல அத்தை."

"குடுக்கலங்கிறது?"

"அதுவும் இல்ல."

அத்தை பேனாவை மூடிப் புத்தகத்தின் மேல் வைத்தார். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. "அடுத்த ஊருக்குப் போகணும்மா, போட்டுக் குடுங்க" என்றார் செயலாளர். "போங்க. நாங்க இங்கதான் இருக்கப்போறோம். வேலையா இருக்கு எங்களுக்கு?" என்றார் அத்தை. வெகுநேரம் கழித்துச் செயலாளர் 'ஏற்றுக்கொண்டனர்' என்பதை அடித்துவிட்டு, மனு கொடுத்தும் வேலை வழங்கப்படவில்லை எனப் பெண்கள் தெரிவித்தனர் என்று எழுதினார். ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள். பிறகுதான் கையெழுத்து.

திரும்பி நடக்கும்போது அத்தையிடம் கேட்டே விட்டேன். "என் மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அம்மாவ ஏன் நடவுலேர்ந்து நிறுத்துனீங்க?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "நிறுத்துனேனா? முறை வச்சிருக்கோம்டி. எல்லாருக்கும் வேலை எங்க இருக்கு? ரெண்டு நாளு நடவு, ரெண்டு நாளு வூடு. நாளைக்கு நானே போவல. நீ ரெண்டு தரம் தலைய ஆட்டித்தான் ஊர்ல வேலை கொறஞ்சிச்சாக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "முறைன்னு ஏம்மா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நாலு நாளா அந்த டிவியவே பேசிக்கிட்டிருந்த."

அம்மா மறுநாள் நடவுக்குப் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். பிறகு இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். நூறு நாள் வேலை இன்னும் வரவில்லை. அந்த வீடியோவை இன்னமும் யாராவது யாருக்காவது அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. திருப்பூர் அக்கா என்னோடு பேசுவதில்லை. நேற்று அவர் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். வேலை கேட்டுத் தன் பெயரில் தனியாக ஒரு மனு எழுதவேண்டும் என்றார். எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்.