ஜெயபிரகாஷ் பேர் எழுதிய கோப்பை

எங்கள் வீட்டுக்காரர் சிங்காரவேல் டென்னிஸ் ஆடுவார் என்று சொன்னால் விருத்தாசலத்தில் முதலில் சிரிப்பார்கள். பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிற மனுஷன். சாயங்காலம் கிளப்பில் ஆள் குறைந்தால் ஆபிசர்கள் கூப்பிடுவார்கள். வெறுங்காலோடு ஓடி ஓடியே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

கிளப்பில் வருஷாவருஷம் ஆண்கள் ஒற்றையர் போட்டி நடக்கும். அமெச்சூர் போட்டி, பரிசுப் பணம் கிடையாது. ஜெயிக்கிறவர் பேர் எழுதிய பீங்கான் கோப்பை ஒன்றுதான். 1991-ல் இவரும் பேர் கொடுத்தார். அந்தக் கோப்பையில் இவர் பேர் வரணும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கம்பெனியில் பேர் எழுதுவதே என் வேலைதான். எழுதி, மேலே மெருகு பூசி, சூளையில் வெந்து ஆறி வர நாலு நாள் ஆகும். பைனல் ஞாயிற்றுக்கிழமை. கிளப் செக்ரட்டரி கோவிந்தசாமி புதன்கிழமையே வந்து நின்றார்.

"ஜெயபிரகாஷ்னு எழுதும்மா அனுசியா. மூணு வருஷமா அவருதான ஜெயிக்கிறாரு."

ஜெயபிரகாஷ் திட்டக்குடியில் பேங்க் ஆபிசர். பைனலில் எங்கள் வீட்டுக்காரருக்கு எதிராளி அவர்தான்.

"எங்க வூட்டுக்காரரும் ஆடுறாருங்களே சார்?"

"ஆடட்டும்மா, யாரு வேணாம்னா?"

எழுதித் தொலைத்தேன். அதைச் சூளையில் வைத்ததும் இவரேதான். ஓரத்தில் வைத்தால் கோணிக்கொள்ளும் என்று நடுவில் பார்த்து வைத்தார்.

"உங்களுக்கு ரோஷமே கெடையாதா?"

"பாத்திரத்து மேல என்னா கோவம்? ஆட்டத்துல பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். முதல் செட் இவருக்கு, அடுத்தது அவருக்கு. மூன்றாவதில் ஏழுக்கு ஐந்து என்று முடித்தார். சூளை ஆட்கள் அடித்த விசில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நான் வெட்கம் கெட்டுக் கத்தினேன்.

கோவிந்தசாமி இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றார். "கோச்சிக்காத சிங்காரவேலு, அடுத்த வாரம் உன் பேர் போட்டு புதுசு தரேன்."

"இன்னைக்கே எழுதித் தரேன் சார்!" என்று நான் முந்திக்கொண்டேன்.

இவர் மறுத்துத் தலையசைத்தார். "வேணாங்க சார், இதையே குடுங்க. புதுசுல என் பேர் மட்டுந்தான் இருக்கும். இதுல நான் யாரை ஜெயிச்சேன்னு இருக்குது."

ஜெயபிரகாஷே கோப்பையை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

இப்போது அது எங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் யாராவது, "யாருங்க இந்த ஜெயபிரகாஷ்?" என்று கேட்டால், இவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்:

"எங்க வூட்டுக்காரர்கிட்ட தோத்தவரு!"