தோப்பு வீட்டில் பூட்டிவைத்த ஓட்டுகள்

அப்போது திருச்சிக்கு மேயர் கிடையாது, முனிசிபல் சேர்மன்தான். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு அந்த நாற்காலி மேல் அப்படியொரு பைத்தியம். கவுன்சிலராக ஜெயித்தாகிவிட்டது. இனி கவுன்சிலர்கள் கூடிக் கை தூக்கிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரே ஒரு கைதான் கூடுதல்.

ஓட்டு நாள் வரை நம் ஆட்களை எதிராளி கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது அந்தக் காலத்து வழக்கம். வசதியானவர்கள் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். இவர் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரையில் இருந்த எங்கள் தோப்பு வீட்டில் அத்தனை பேரையும் அடைத்து, கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொண்டார். மூன்று வேளையும் ஆக்கிக் கொட்டுவது யார்? நான்தான்! வெற்றிலை வரவில்லை, மோரில் உப்பில்லை என்று புது மாப்பிள்ளைகளைப் போல அதிகாரம் வேறு.

ஓட்டுக்கு முதல் நாள் உச்சி வெயிலில் ஒருவன் கேட்டைப் பிடித்து உலுக்கினான். உள்ளே இருந்த பாலக்கரை கவுன்சிலரின் மைத்துனன்.

"அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். டாக்டரம்மா கையை விரிக்கிறாங்க. மாமாவை உடனே அனுப்புங்க!"

பாலக்கரைக்காரர் எச்சில் கையோடு ஓடிவந்தார். முதல் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர். என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

"இது அவங்க வேலைங்க. இவன் யாரு லாரியை ஓட்டுறான்னு தெரியாதா? வெளியில கால் வெச்சா அப்படியே தூக்கிட்டுப் போயிருவாங்க."

சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பையன் எதிராளியின் லாரி டிரைவர்தான். 'அம்மா தவறிட்டாங்க' என்று பொய்த் தந்தி கொடுத்து ஆளை வெளியே இழுத்த கதையெல்லாம் ஊரில் உண்டு. ஆனால் நான் அவனைப் பார்த்தேன். கொதிக்கிற மணலில் செருப்பில்லாமல் நின்றான். கால் சுடுவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நடிக்க வந்தவன் முகமா அது?

"பொம்பளை சாகக் கிடக்கா, விட்டுடுங்க," என்றேன்.

"நீ போய் அடுப்பைப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலக்கரைக்காரர் கேட்டடியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மற்ற கவுன்சிலர்கள் சாப்பாட்டு இலைக்குத் திரும்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். பெல்ட் ஆணியில் தொங்கியது. சாவியை உருவினேன். திறந்துவிட்டேன். பையன் வந்த சைக்கிளில் இருவரும் பறந்தார்கள்.

"குடியைக் கெடுத்துட்டியேடி!" என்று இவர் கத்திய கத்தலில் தோப்பே அதிர்ந்தது. அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பையனின் முகம் என்னை ஏமாற்றியிருந்தால் என்ன செய்வது என்று நானும் ராத்திரி முழுக்கக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கூட்டம் தொடங்கியும் பாலக்கரைக்காரர் வரவில்லையாம். கை தூக்கச் சொன்ன நேரத்தில் கசங்கின சட்டையோடு ஓடிவந்து எங்கள் பக்கம் தூக்கினாராம். தூக்கிய சூட்டோடு ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடிவிட்டாராம்.

சாயங்காலம் வேட்டுச் சத்தத்தோடு கார் வந்தது. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். மாலையும் கழுத்துமாக இறங்கியவர் என் காதருகே குனிந்தார்.

"நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன்னு மீட்டிங்ல சொல்லிட்டேன். ஒரே கைத்தட்டல்! நீ எதையும் உளறி வெக்காதே."

"சரி. அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? என்ன குழந்தை?"

அவர் விழித்தார்.

"கேக்கலையே..."

தட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஜட்கா பிடிக்கப் போனேன். தாயும் பெண் குழந்தையும் பிழைத்திருந்தார்கள்.